மறுமுனையில் யார்? மேலூர் இணைய நிலையங்களின் கதை

மேலூர் வட்டத்து இணைய நிலையங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெண்டைக்காயில்தான் தொடங்குவார்கள். நானும் அங்கேயே தொடங்கிவிடுகிறேன். 2000-களின் தொடக்கம். மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிற மேலூரைச் சுற்றிய கிராமங்களில் ஒன்றில், ஒரு விவசாயியின் வெண்டைத் தோட்டத்தில் நோய் விழுந்தது. ஊரில் புதிதாகத் திறந்திருந்த கணினி நிலையத்தில் அதைப் படமாக்கி, மின்னஞ்சலில் மதுரையில் இருந்த வேளாண் வல்லுநர்களுக்கு அனுப்பினார்கள். என்ன மருந்து அடிப்பது என்று பதில் வந்தது. பயிர் தேறியது.

கதை உண்மைதான். கிராமத்துக்கு இணையம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நாட்களில் இதுதான் பதில். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் வெண்டைக்காய் தப்பாமல் வந்துவிடும். எனக்கோ இந்தக் கதையில் விவசாயியைவிட வேறோர் ஆளின் மேல்தான் கண். மதுரையில் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்துப் பதில் எழுதியவர் யார்? அது அவருடைய அன்றாட வேலையா, நல்ல மனசா? அவர் விடுப்பில் போயிருந்தால், அந்தச் செடியின் படம் யாருடைய மேஜையில் கிடந்திருக்கும்?

மேலூரில் எழுந்த நிலையங்களில் பெரும்பாலானவை ஏன் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் பூட்டப்பட்டன என்று தேடிப் போனால், கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு

கதையின் வேர் மேலூரில் இல்லை, சென்னை ஐஐடியில் இருக்கிறது. அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வஸ் ஆகியோர் டெனெட் என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழுவாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜுன்ஜுன்வாலா போகுமிடமெல்லாம் ஒரு கணக்கைச் சொல்வார். 1990-களில் ஒரு புதிய தொலைபேசி இணைப்பைக் கொடுக்க 30,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய் வரை செலவானது. அந்த முதலீடு திரும்ப வேண்டுமானால் மாதம் ஆயிரம் ரூபாயாவது வசூலிக்க வேண்டும். அவ்வளவு கொடுக்கக்கூடிய குடும்பங்களை அன்றைய இந்தியாவில் நூற்றுக்கு இத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே இணைப்பை 10,000 ரூபாய்க்குள் கொண்டுவந்துவிட்டால் வாங்கக்கூடியவர்கள் பல மடங்கு பெருகுவார்கள். மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் அங்கே எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே தொலைபேசி இருக்கிறது. ஆகவே இதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அப்படிப் பிறந்ததுதான் கார்டெக்ட். ஐஐடி குழுவும், அதன் பழைய மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் நிறுவனமும், அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்கச் சில்லு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. அடிப்படை ஐரோப்பாவினுடையது: வீட்டுக்குள் கையில் எடுத்துக்கொண்டு நடமாடும் கம்பியில்லாத் தொலைபேசிக்காக வகுத்த டெக்ட் தரம். வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் இடையில் பேசுவதற்கு வந்த அலையை இவர்கள் பத்துக் கிலோமீட்டருக்கு இழுத்தார்கள். நடுவில் ஒரு மறுபரப்பு நிலையத்தை வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் வரை போனது. கோபுரத்துக்கும் வீட்டுக் கூரையில் இருக்கும் அலைவாங்கிக்கும் நடுவே மறைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பேசும்போதே இணையமும் ஓடும், நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில். யாரும் பேசாதபோது 70.

இதில் எனக்குப் பிடித்தது வேகமோ தூரமோ இல்லை. இந்தக் கருவிகளுக்கு ஏசி தேவைப்படவில்லை என்பது. கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம் அது. இயந்திரத்துக்குக் குளிர்ச்சி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு மின்விசிறிகூட இருக்காது. வட்டத் தலைநகரில் ஒரு மாடி அறையில், சித்திரை வெயிலில், ஏசி இல்லாமல் ஓர் இணைப்பகம் ஓடும் என்பது அன்று சாதாரணக் காரியமில்லை. மேலூர் வெயிலை யோசித்து வடிவமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்தக் கருவியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக என்-லாக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மூன்று அடுக்குகள். மேலே என்-லாக். நடுவில், வட்டத் தலைநகரில், கோபுரத்தையும் இணைப்பகத்தையும் பராமரிக்கும் உள்ளூர் சேவையாளர். கீழே, கிராமத்தில் ஒரு கடை, அதை நடத்தும் ஒருவர். கேபிள் டிவி ஊருக்கு ஊர் பரவிய விதத்தைப் பார்த்துத்தான் இந்த வடிவத்துக்கு வந்ததாக அவர்களே சொன்னார்கள். மாநகரத்தில் அமர்ந்திருக்கும் பெரிய கம்பெனி கிராமத்து வாடிக்கையாளரை மதிக்காது, தெருவில் நின்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய உள்ளூர்க்காரர் மதிப்பார். இந்த யோசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கடை வைக்க ஏறக்குறைய 50,000 ரூபாய் ஆனது. கணினி, அச்சுப்பொறி, வெப் கேமரா, மின்சாரம் போனால் சில மணி நேரம் தாங்கும் பேட்டரி, சுவரில் மாட்டும் கார்டெக்ட் பெட்டி, கூரையில் அலைவாங்கி, தமிழில் எழுதும் மென்பொருள் எல்லாம் சேர்த்து. மாதம் 3,000 ரூபாய் வந்தால் கட்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதாவது நாளுக்கு நூறு ரூபாய்.

தமிழ் மென்பொருள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் கணினியில் தமிழைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன பாடு என்று. ஒவ்வொரு நாளிதழின் இணையப் பக்கத்துக்கும் ஓர் எழுத்துரு. ஒரு கணினியில் அழகாகத் தெரிந்த கடிதம் அடுத்த கணினியில் பூச்சி ஊர்ந்த மாதிரித் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் விசைப்பலகைக்கு ஒரு பொதுத்தரம் வந்தது. எந்தக் கணினியிலும் எழுத்து ஒரே மாதிரித் தெரியவைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு எல்லோர் கைக்கும் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அந்த நிலையில் கிராமத்துக் கடையில் தமிழில் தட்டச்சு செய்து அச்சடிக்க முடிந்ததே பெரிய காரியம்.

கடைக்குள்ளே

மேலூர் வட்டத்தில் முதல் நிலையங்கள் 2001-இன் இறுதியில் வந்தன. திட்டத்துக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாரி' என்று பெயர். சென்னை ஐஐடியோடு அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்ஐடியும் இதில் இருந்தன. தனியார் சிலர் கடன் வாங்கிக் கடை வைத்தார்கள். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை சில நிலையங்களை நடத்தியது. அன்றைய நிலவரம் தெரிந்தால்தான் இதன் அளவு புரியும்: நாட்டின் கிராமப்புறங்களில் நூறு பேருக்கு ஏறக்குறைய ஒரு தொலைபேசிதான் இருந்தது. அப்படிப்பட்ட ஊர்களில், பெரியாற்று வாய்க்கால் தண்ணீரை எதிர்பார்த்து நெல் நடும் ஊர்களில், திடீரென்று இணையம்.

மக்கள் எதற்காக வந்தார்கள்? திட்டம் போட்டவர்கள் வேளாண்மை, மருத்துவம், அரசு சேவை என்று எழுதி வைத்திருந்தார்கள். கல்லாவை ஓரளவு நிரப்பியது வேறு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வாசல் தாண்டி நிற்கும் கூட்டம். ஜாதகக் கட்டம் அச்சடித்தல். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம். புகைப்படம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல், கொஞ்சம் விவரம் தெரிந்த கடையாக இருந்தால் குரலைப் பதிந்தும் அனுப்புவார்கள். விவசாயத் தகவலுக்காகத் தினமும் படியேறி வந்தவர்கள் குறைவு. இதைக் கேட்டு ஆய்வாளர்கள் வருத்தப்பட்டதுண்டு. வருத்தப்பட என்ன இருக்கிறது? நகரத்தில் இணையம் வைத்திருந்தவர்கள் மட்டும் பயிர் நோயைப் பற்றியா படித்துக்கொண்டிருந்தார்கள்?

வருமானத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது. சுவரில் மாட்டிய பெட்டிக்குப் பேசவும் தெரியும், ஆனால் பேச்சை விற்க விதி இடம்கொடுக்கவில்லை. என்-லாக் இணைய சேவை நிறுவனம். இணையவழித் தொலைபேசியை 2002 ஏப்ரலில் அரசு அனுமதித்தபோதும், உள்நாட்டுத் தொலைபேசி எண்களுக்குக் கணினியிலிருந்து அழைக்கக் கூடாது என்றே வைத்தது. வெளிநாட்டு எண்ணுக்குக் கூப்பிடலாம், பக்கத்து ஊர் மாமாவைக் கூப்பிட முடியாது. கிராமத்தில் நல்ல காசு பார்க்கக்கூடிய ஒரே சரக்கு குரல்தான். அதைக் கழித்துவிட்டு மீதியை வைத்துப் பிழைத்துக்கொள் என்றால் நாளுக்கு நூறு ரூபாய் எங்கிருந்து வரும்?

சான்றிதழ் போன வழி

மக்களை உண்மையாகவே கடைக்குக் கொண்டுவந்த அரசு சேவை ஒன்று இருந்தது. பிறப்பு, இறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் போன்றவற்றை நிலையத்திலிருந்தே மேலூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்ற ஏற்பாடு. இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கதை திரும்பியது இங்கேதான்.

சாதாரணமாக ஒரு வருமானச் சான்று வாங்க என்னென்ன செய்ய வேண்டும்? தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரிடம் மனு எழுதி வாங்க வேண்டும். கோர்ட் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் இன்று அந்த ஊர், நாளை இந்த ஊர், மறுநாள் ஜமாபந்தி. அவர் எழுதிக் கொடுத்ததை வருவாய் ஆய்வாளரிடம் கொண்டுபோக வேண்டும். பிறகு துணை வட்டாட்சியர், கடைசியில் வட்டாட்சியர். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு போகும். மற்றதை நான் எழுத வேண்டியதில்லை. என் மாணவப் பருவத்தில் உதவித்தொகைக்காக ஒரு வருமானச் சான்று வாங்க (ஊர் பெயர் வேண்டாம்) நான்கு முறை அலைந்தேன். நான்காம் முறை போனபோது, கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றுதான் மாற்றலாகிப் போயிருந்தார்.

நிலையம் வந்தபின் இந்த வழியின் முதல் அடி மட்டும் மாறியது. கிராமத்துக் கடையில் உட்கார்ந்து விவரங்களைச் சொன்னால், நடத்துபவர் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார். தாலுகா அலுவலகத்தில் அதை அச்சடித்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் எல்லாம் பழைய காகிதம்தான், பழைய மேஜைகள்தான். சான்று தயாரானதும் நிலையத்துக்குத் தகவல் வரும். நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுதான் மாற்றம். இதுவே போதுமானதாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம். நிலையம் இருந்த ஊர்களிலிருந்து சான்றுகளுக்கு விண்ணப்பிப்போர் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்ததை, தமிழ்நாட்டில் ஆட்சிப் பணியில் இருந்தவரான ராஜேந்திர குமாரும் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் பெஸ்ட்டும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். முன்பு தேவை இருந்தும் அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிட்டவர்கள் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்றே இதைப் படிக்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடும் ஒரு பாட்டிக்கு மேலூர் போய்வரும் பஸ் காசு பெரிய காசு.

பிறகு, ஏறக்குறைய ஓர் ஆண்டில், இது நின்றுபோனது. தடை போட்டு யாரும் நிறுத்தவில்லை. திட்டத்தில் அக்கறை காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். வந்தவர்களுக்கு இது முன்னவர் ஆசையாகச் செய்த வேலை. மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது எந்த ஊழியரின் கடமை என்று எந்த ஆணையிலும் இல்லை. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை, எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது என்று மேலிருந்து கேட்பாரும் இல்லை. கிராமத்துக் கடையில் அனுப்பு என்ற பொத்தான் அப்படியே வேலை செய்தது. கோபுரம் நின்றது. அலை போனது. தாலுகா அலுவலகக் கணினியில் மனுக்கள் திறக்கப்படாமல் கிடந்தன.

கடைக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மனு அனுப்ப அவர் கட்டணம் வாங்கியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டு ஆள் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறார். தொழில்நுட்பம் பற்றி அவருக்கு அக்கறையில்லை, காசு வாங்கியது நீதானே. உள்ளூர்க்காரர் என்பதால்தான் அவரிடம் கடையைக் கொடுத்தார்கள். அதே காரணத்தால் அவர் எங்கும் ஓடி ஒளியவும் முடியாது.

மற்ற அடிகள்

ஒன்று போனபின் மற்றவை வேகமாக நடந்தன. 2003-இல் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைப்பேசி கொடுத்து நாட்டையே கலக்கியது. சிங்கப்பூர் மகனின் குரல் அம்மாவின் கைக்கே வந்துவிட்டால் அவர் கடைக்கு ஏன் வரப்போகிறார்? 35 கிலோபிட் வேகமும் பழையதாகிக்கொண்டே போனது. ஒரு மெகாபைட் படத்தை அந்த வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய நான்கு நிமிடம் பிடிக்கும். அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வெப் கேமராவில் கண்ணைப் படமெடுத்து அனுப்பும் முயற்சி மேலூர் நிலையங்களில் நடந்தது. அந்தக் கேமராவும் அந்த வேகமும் மருத்துவருக்குத் தெளிவான படத்தைக் கொடுத்திருக்க முடியாது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் வருவதும் தாமதமானது. நாளுக்கு நூறு ரூபாய் வர வேண்டிய கடையில் பத்து நாள் இணைப்பு இல்லை என்றால் அந்த மாதக் கடன் தவணை தவறிவிடும்.

கணினி முன்பே கற்றிருந்தவர்களும், பயிற்சி பெற்ற தனி ஆளை வைத்து நடத்தியவர்களும் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தார்கள் என்கிறது பெஸ்ட், குமார் இருவரின் இன்னோர் ஆய்வு. கார்டெக்ட்டை வடிவமைத்தவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபுரத்திலிருந்து கூரை வரைக்கும் அவர்கள் கணக்கு சரி. கோபுரத்துக்குப் பின்னால் இருந்த தாலுகா அலுவலகம் அவர்கள் கணக்கில் இல்லை.

யார் வந்தார்கள் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், படிக்கிறவர்கள், ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஊரில் செல்வாக்குள்ள சாதிகளைச் சேர்ந்தவர்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்து கிடக்கும் இடத்தில், ஊர்த் தெருவுக்குள் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் கணினியை வைத்துவிட்டு எல்லோரும் வரலாம் என்று பலகை தொங்கவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்களா? தலித் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் அமைந்த நிலையங்களுக்கும், அந்த மக்களிலிருந்தே ஒருவர் முன்னின்று அழைத்த நிலையங்களுக்கும் அவர்கள் வந்தார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியின் பயன் அதை எந்தத் தெருவில் வைத்தார்கள் என்பதில் இருந்தது.

தேனி

அதே ஆண்டுகளில், மேலூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தேனியில் வேறொன்று நடந்தது. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. சுற்றியுள்ள சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, அவற்றைத் தேனி மருத்துவமனையோடு காணொளியில் இணைக்க விரும்பினார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு அதற்கு வழி செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது காபிக் கடைகளில் பயன்படும் மலிவான வைஃபை அட்டை. அதை உயரமான கம்பத்தில் ஒரே திசை பார்க்கும் அலைவாங்கியோடு பொருத்தினார்கள்.

வைஃபை அவ்வளவு தூரத்துக்குப் பழக்கப்பட்டதில்லை. ஒரு பொட்டலம் தரவை அனுப்பினால் உடனே வந்துசேர்ந்தது என்று பதில் எதிர்பார்க்கும். மணியார்டர் அனுப்பிவிட்டு மாலைக்குள் ரசீது வரவில்லை என்று மறுபடியும் பணம் கட்டுகிறவரைப் போல, தூரத்திலிருந்து பதில் வந்துசேர்வதற்குள் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பும். பாதை அதனாலேயே அடைத்துக்கொள்ளும். பெர்க்லி குழு இந்த அவசரத்தை எடுத்துவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படியும், ரசீதை மொத்தமாகக் கொடுக்கும்படியும் மென்பொருளை மாற்றியது. பல கிலோமீட்டர் தூரத்துக்கு, நொடிக்கு மெகாபிட் கணக்கில் வேகம் கிடைத்தது. கண்ணைப் பார்த்துப் பேச அது போதும்.

ஆனால் அந்தக் குழுவைப் படுத்தியெடுத்தது அலை இல்லை, கரண்ட். மின்னழுத்தம் திடீரென்று எகிறும், இல்லையென்றால் பல்பு மினுக்கும் அளவுக்குத் தாழும். கருவி பாதி உயிரோடு தொங்கிக்கொண்டு நிற்கும், நினைவக அட்டையில் எழுதியது சிதையும். தாங்கள் சந்தித்த பழுதுகளில் பத்துக்கு ஒன்பது மின்சாரத்தின் தரத்தால் வந்தவை என்று அவர்களே பின்னால் எழுதினார்கள். ஆகவே அழுத்தம் குறைந்தால் தானாகத் துண்டித்து மறுபடி சேர்க்கும் ஒரு சிறிய சுற்றைச் செய்தார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிற மாணவர்கள் போடியிலும் சின்னமனூரிலும் ஃபியூஸ் கட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

இந்தப் பழுதுகளையெல்லாம் தாண்டி தேனி நின்றது. காரணம் எனக்கு எளிதாகத் தெரிகிறது. மையத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். பயிற்சி பெற்ற ஒரு பெண், பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்தே வந்தவர், கண்ணைக் கருவியில் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். பிறகு திரையில் மருத்துவர் வருகிறார். "பாட்டி, எத்தனை நாளாக மங்கலாகத் தெரிகிறது?" என்று அவரே கேட்கிறார். அந்த நாற்காலியில் அந்த நேரத்தில் அந்த மருத்துவர் உட்கார வேண்டும் என்பது அவருடைய பணி அட்டவணையில் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் வேறொருவர் உட்காருவார். கண்புரை இருக்கிறவர் அறுவைக்குத் தேனிக்கு வருவார். ஆகவே மருத்துவமனைக்கும் அந்த இணைப்பு தேவை, அது அறுந்தால் நஷ்டம் அவர்களுக்கும் உண்டு. மேலூரில் மறுமுனையில் இருந்தவர்களுக்கு இணைப்பு அறுந்ததால் ஒரு வேலை குறைந்தது. அரவிந்த் நடத்தும் இத்தகைய மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன.

புதுச்சேரிப் பக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் வைத்தார்கள். இணையம் ஒரு கணினியோடு நின்றது, சேதி கடற்கரை முழுக்கக் கேட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. உடனே தகவல் நிலையத்து ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஊர் தப்பியது. அன்று அந்த நிலையத்தில் உயிரைக் காத்த கருவி, கோயில் திருவிழாவில் பாட்டுப் போடுகிற அதே கூம்புதான்.

பிறகு

2006 செப்டம்பரில் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆறு கிராமத்துக்கு ஒன்று, மூன்றடுக்கு அமைப்பு, கீழே கடன் வாங்கிக் கடை வைக்கும் உள்ளூர்க்காரர். என்-லாக்கின் படத்தை வைத்து வரைந்தது போலவே இருக்கும். 2011 அக்டோபரில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை இழுக்கும் திட்டம் வந்தது, பின்னால் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் அதன் பகுதிக்கு 1,815 கோடி ரூபாய் மதிப்பிட்டார்கள். ஒப்பந்தப்புள்ளி 2020-இல் ரத்தாகி, மறுபடி கோரப்பட்டு, தாமதமாகத்தான் வேலை தொடங்கியது. அதற்குள் 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து, ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வருவதற்கு முன்பே ஊர்க்காரர்களின் சட்டைப் பைக்கு இணையம் வந்துவிட்டது. மேலூர்க் கடைகளின் 35 கிலோபிட்டை இப்போது நினைத்தால் மாட்டு வண்டியை நினைப்பது போல இருக்கிறது.

ஆனால் சான்றிதழ் விஷயத்தில் நடந்த மாற்றம் வேகத்தால் வந்ததில்லை. இ-சேவை மையத்தில் இன்று 60 ரூபாய் கொடுத்து வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால், மனு கிராம நிர்வாக அலுவலரின் திரைக்குப் போகிறது, அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர். எந்த மேஜையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிகிறது. மின் கையொப்பமிட்ட சான்றை அச்சடித்துக்கொள்ளலாம், வாங்கப் போக வேண்டியதில்லை. மேலூரில் முதல் அடி மட்டும் மாறியது. இங்கே மற்ற அடிகளும் மாறியிருக்கின்றன. தாமதமும் அலைச்சலும் ஒழிந்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மனு திறக்கப்படாமல் கிடக்கிறது என்றால் அது கிடப்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு மையத்தில், என் வேலைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு. மஞ்சள் பையிலிருந்து ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சரசரவென்று தட்டினார். இணைப்பு நல்ல வேகம். பிறகு நிறுத்தி, ஓடிபி போயிருக்கிறது, அந்த எண் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். மகனிடம், திருப்பூரில், பனியன் கம்பெனியில். அந்தப் பெண் தன் கைப்பேசியிலிருந்தே அவரைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை கூப்பிட்டார்.

"வேலையில் இருப்பார், சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார். உட்காருங்கள் பாட்டி" என்றார். பாட்டி காகிதங்களைப் பைக்குள் திரும்ப வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். மணி பதினொன்றே கால்.